பின்னால் வரும் கடல்: மோர்கம் விரிகுடாவின் தொண்டூழிய மீட்பாளர்கள்

கடற்கரையில் நிற்கும் ஒருவரிடம், "கடல் எந்தப் பக்கமிருந்து வரும்?" என்று கேட்டால் சிரிப்பார். எதிரே இருக்கும் கடல் எதிரேயிருந்துதானே வரும்! ஆனால் இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள மோர்கம் விரிகுடாவில் இந்தக் கேள்விக்கு விடை வேறு. அங்கே மணல்வெளியில் நடந்து செல்பவருக்கு முன்னால் வறண்ட மணல் இருக்கும்போதே, அவருக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் நிரம்பிவிடும். திரும்பிப் பார்க்கும்போதுதான் வழி அடைபட்டது தெரியும்.

அப்படிச் சிக்கிக்கொண்டவர்களைத் தேடிச் செல்வோரில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கும் வீரர்கள் அல்லர். அந்த வட்டாரத்துச் சிற்றூர்களில் கடை நடத்துபவர்கள், பள்ளியில் பாடம் சொல்லித் தருபவர்கள், தச்சு வேலையும் மின்சார வேலையும் பார்ப்பவர்கள். அழைப்பு வந்ததும் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்காக, இரவோ பகலோ, குளிரோ மழையோ, சேற்றில் இறங்குகிறார்கள்.

இந்தத் தொண்டு எப்படி நடக்கிறது? நல்ல மனம் இருந்தால் மட்டும் போதுமா? இத்தனை பேர் தயாராக இருந்தும் 2004ஆம் ஆண்டு ஒரே இரவில் 20க்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டது ஏன்? சிங்கப்பூர் வாசகர்களும் இதைச் சிந்தித்துப் பார்க்கலாம். ஏனெனில் இது கடலைப் பற்றிய கதை மட்டுமன்று. பிழைப்புத் தேடி வேறொரு நாட்டுக்குச் சென்றவர்களின் கதையும்கூட.

வற்றினால் பாலைவனம், ஏறினால் பெருங்கடல்

மோர்கம் விரிகுடாவில் கடல் வற்றும்போது வெளியே தெரியும் மணலும் சேறும் ஏறக்குறைய 310 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளவை. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு என்று சொல்லலாம். பிரிட்டனிலேயே இத்தனை பெரிய மணல்வெளி வேறில்லை. கடல் சில நாட்களில் 12 கிலோமீட்டர் வரை பின்வாங்கிவிடும். கரையிலிருந்து பார்ப்பவருக்குக் கடலே கண்ணில் படாது.

பாடநூல்களில் "ஓதம்" என்று சொல்லப்படும் இந்தக் கடலேற்றமும் இறக்கமும் எல்லாக் கடல்களிலும் உண்டு. சந்திரனும் சூரியனும் கடல்நீரை ஈர்ப்பதால் அது நிகழ்கிறது. சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடலில் நீர்மட்டம் ஏறி இறங்கும் அளவு சுமார் 3 மீட்டர். மோர்கம் விரிகுடாவிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது 10 மீட்டரைத் தாண்டும். அதாவது, நம் வீவக புளோக் ஒன்றில் மூன்று மாடி உயரத்துக்கும் மேல் தண்ணீர் ஏறுகிறது.

ஐரிஷ் கடலிலிருந்து வரும் இந்த நீர், ஆழமில்லாத ஒரு புனலுக்குள் ஊற்றப்படுவதுபோல விரிகுடாவுக்குள் நுழைகிறது. மணல்வெளி பார்வைக்குத் தட்டையாக இருந்தாலும் உண்மையில் அப்படி இல்லை. கென்ட், கீர், லெவன், லூன், வயர் ஆகிய ஐந்து ஆறுகள் விரிகுடாவில் வந்து கலக்கின்றன. அவையும் கடலும் சேர்ந்து மணலை அறுத்துப் பல கால்வாய்களை உண்டாக்கியுள்ளன. ஏறி வரும் நீர் முதலில் இந்தப் பள்ளங்களில்தான் ஓடும். மேடான மணல் திட்டில் நிற்பவரின் காலடி காய்ந்தே இருக்கும். அதே நேரத்தில் அவர் கடந்து வந்த கால்வாய் மார்பளவு நிரம்பியிருக்கும். கடல் பின்னால் வருகிறது என்பதன் பொருள் இதுதான்.

ஓடும் குதிரையின் வேகத்தில் கடல் வரும் என்று அந்தப் பகுதி மக்கள் சொல்வது வழக்கம். வேகத்தைவிடக் கொடியது, அது நேரம் மாறி வருவது. ஒரு கடலேற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிட இடைவெளி உண்டு. எனவே நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடங்கள் தள்ளிப் போகும். "போன வாரம் இதே நேரத்துக்கு வந்தோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று நினைப்பவர் ஏமாந்துபோவார். கால்வாய்களும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு புயல் அடித்து ஓய்ந்தால் பழைய வழி மறைந்து புதிய பள்ளம் தோன்றிவிடும். பழைய வரைபடத்தை நம்பிப் பயனில்லை.

கால் புதைந்தால் என்ன ஆகும்?

இரண்டாவது ஆபத்து புதைமணல். திரைப்படங்களில் காட்டுவதுபோல அது ஆளை முழுதாக விழுங்குவதில்லை. மிக நுண்ணிய மணல் துகள்களுக்கு நடுவே தண்ணீர் தேங்கியிருக்கும். மேலே ஒரு பாரம் விழுந்ததும் அந்த அமைப்பு குலைந்து கூழாகிவிடும். கால் உள்ளே போனதும் மணல் மறுபடியும் இறுகி, சிமெண்ட் பூசியதுபோல் காலைப் பிடித்துக்கொள்ளும். மனித உடல் அந்தக் கூழைவிட இலேசானது என்பதால் முழங்கால் அல்லது இடுப்பு அளவோடு நின்றுவிடும்.

அப்படியானால் உயிர் எப்படிப் போகிறது? புதைந்தவர் அசைய முடியாமல் நிற்கும்போது கடல் திரும்பி வந்துவிடுகிறது. ஆகவே புதைமணலில் சிக்கியவரை மீட்பது நேரத்தோடு நடத்தும் போட்டி. கயிறு கட்டி இழுத்தால் காலும் இடுப்பும் காயப்படும்; ஆளும் வெளியே வரமாட்டார். பயிற்சி பெற்றவர்கள் ஒரு நீண்ட குழாயைப் புதைந்த காலை ஒட்டிச் செருகி, அதன் வழியாக நீரைப் பாய்ச்சுகிறார்கள். இறுகிய மணல் இளகிப் பிடி தளர்ந்ததும் காலை மெல்ல விடுவிக்கிறார்கள். மீட்பவர் தாமும் புதைந்துவிடக்கூடாது. அதனால் அகலமான பலகைகளையோ காற்றடைத்த பாய்களையோ விரித்து, அவற்றின் மேலிருந்துதான் வேலை செய்கிறார்கள்.

சிக்கிக்கொண்டவரும் சிலவற்றைச் செய்யலாம். தோளில் உள்ள பையைக் கழற்றி எறிய வேண்டும். நின்ற நிலையில் திமிறினால் இன்னும் ஆழமாகப் புதையும். பின்புறமாகச் சாய்ந்து உட்கார்ந்து உடல் எடையைப் பரப்ப வேண்டும். காலை மெதுவாக ஆட்டி ஆட்டி எடுக்கப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே உதவிக்கு அழைத்துவிட வேண்டும்.

அரசர் நியமித்த வழிகாட்டி

ரயில் பாதை வருவதற்கு முன்பு இந்த மணல்வெளியே நெடுஞ்சாலையாக இருந்தது. குதிரை வண்டிகள் பயணிகளை ஏற்றிக்கொண்டு, கடல் வற்றியிருக்கும் சில மணி நேரத்துக்குள் அக்கரைக்கு விரையும். சென்றவர் எல்லாரும் போய்ச் சேரவில்லை. ஆகவே பாதையை அறிந்த ஒருவர் தேவைப்பட்டார். 1548ஆம் ஆண்டு முதல் இதற்கென்று அதிகாரபூர்வ வழிகாட்டி நியமிக்கப்பட்டு வருகிறார். 1857ல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் அந்தப் பதவி நீடித்தது.

இவர்களில் பெயர்பெற்றவர் செட்ரிக் ராபின்சன். மீனவரான இவர் 1963 முதல் 2019 வரை 56 ஆண்டுகள் அந்தப் பொறுப்பை வகித்தார். ஆண்டுச் சம்பளம் 15 பவுண்ட்! அதோடு குடியிருக்க ஒரு வீடு. அறப்பணிக்கு நிதி திரட்ட நடப்பவர்களைக் கூட்டம் கூட்டமாக அவர் மணல்வெளியைக் கடக்க வைத்தார். ஒவ்வொரு நடைக்கும் முன்பு தாமே சென்று மணலைச் சோதித்து, வழிநெடுகப் புன்னை இலை போன்ற தடித்த இலைகளைக் கொண்ட லாரல் மரக்கிளைகளை அடையாளமாக நட்டு வைப்பார். 2021ல் அவர் காலமானார். 2019ல் பொறுப்பேற்ற மைக்கேல் வில்சனும் மீனவரே.

அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த மணலில் நடந்தவரே ஒவ்வொரு முறையும் புதிதாகச் சோதித்துப் பார்த்தார் என்றால், மற்றவர்கள் எத்தனை கவனமாக இருக்க வேண்டும்! "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்ததை அந்த மீனவர் தம் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தார்.

அழைப்பு வந்தால்

பிரிட்டனில் கடலோரத்தில் ஆபத்து என்றால் 999 என்ற எண்ணை அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேட்க வேண்டும். எந்தக் குழுவை எங்கே அனுப்புவது என்பதை அந்தப் படைதான் முடிவு செய்கிறது. அதன் கீழ் நாடு முழுவதும் கரையோர மீட்புக் குழுக்களில் ஆயிரக்கணக்கான தொண்டூழியர்கள் இருக்கிறார்கள். விரிகுடாவின் கரையிலுள்ள ஆர்ன்சைடு சிற்றூரிலும் அத்தகைய குழு ஒன்று உண்டு. கடலேற்றம் வரப்போகிறது என்று அவ்வூரில் சங்கு ஊதி எச்சரிப்பதும் வழக்கம்.

தண்ணீரில் இறங்குவது ஆர்.என்.எல்.ஐ. எனப்படும் அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனத்தின் வேலை. 1824ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்த அறநிறுவனம் பெரும்பாலும் மக்கள் தரும் நன்கொடையில் இயங்குகிறது. படகில் செல்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தொண்டூழியர்கள். கடல் சார்ந்த தொழில் செய்பவர்கள் அவர்களில் பத்தில் ஒருவர்தான் என்று நிறுவனமே கூறுகிறது. மற்றவர்கள் படகோட்டவும், இருட்டில் வழி அறியவும், முதலுதவி செய்யவும் அங்கே சேர்ந்த பிறகே கற்றுக்கொள்கிறார்கள்.

மோர்கம் விரிகுடாவில் சாதாரணப் படகு போதாது. பாதி வழியில் தண்ணீர் வற்றியிருக்கும், மீதி வழி சேறாக இருக்கும். அதற்காக 2002ல் ஆர்.என்.எல்.ஐ. தனது முதல் மீட்பு ஹோவர்கிராஃப்ட்டை மோர்கம் நகரில்தான் பணியில் ஈடுபடுத்தியது. இந்தக் கலம் காற்றை மெத்தைபோல் அடியில் அடைத்துக்கொண்டு அதன் மேல் மிதந்து செல்லும். தண்ணீர், சேறு, மணல் எதுவானாலும் அதற்கு ஒன்றுதான்.

விரிகுடாவின் வட கரையில் ஃபிளூக்பரோ என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே இயங்கும் "பே சர்ச் அண்ட் ரெஸ்கியூ" என்ற தொண்டூழியக் குழு வேறொரு வழியைக் கையாள்கிறது. சுவீடனில் பனிப் பிரதேசத்துக்காக உருவாக்கப்பட்ட ஹேக்லுண்ட் வண்டிகளை அது பயன்படுத்துகிறது. இரு பெட்டிகளை இணைத்ததுபோல் இருக்கும் இந்த வண்டிக்குச் சக்கரத்துக்குப் பதிலாக அகலமான ரப்பர்ப் பட்டைகள் உண்டு. எடை பரவிவிடுவதால், மனிதக் காலடி தரும் அழுத்தத்தைவிடக் குறைவான அழுத்தத்தையே அது மணலில் தருகிறது. தேவைப்பட்டால் நீரிலும் மிதக்கும்.

கருவிகள் எத்தனை இருந்தாலும், ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால்தான் பயன். 2002 ஜனவரியில் ஒரு தந்தையும் அவருடைய 9 வயது மகனும் மீன் பிடிக்க மணல்வெளிக்குச் சென்றனர். திடீரென்று மூடுபனி சூழ்ந்தது. தந்தை கைத்தொலைபேசியில் உதவி கேட்டார். மீட்பாளர்கள் விரைந்து சென்று தேடினர். ஆனால் பனிமூட்டத்தில் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. தான் எந்தத் திசையில் இருக்கிறோம் என்று தந்தைக்கும் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் ஏறியது. இருவரையும் காப்பாற்ற முடியவில்லை. ஒரு தொலைபேசி அழைப்புத் தொலைவில் உதவி இருந்தும் அது எட்டாமல் போனது.

2004 பிப்ரவரி 5

இரண்டு ஆண்டுகள் கழித்து நிகழ்ந்தது அதைவிடப் பெரிய துயரம். 2004 பிப்ரவரி 5ஆம் தேதி, தை மாதப் பௌர்ணமிக்கு முதல் நாள். சிங்கப்பூரில் தைப்பூசக் காலம். சீனர்களுக்கோ அது புத்தாண்டின் 15ஆம் நாளான சாப் கோ மே. அன்று பிற்பகல் சீன ஊழியர்கள் பலர் மோர்கம் மணல்வெளியில் இறங்கினர். சிங்கப்பூர்ச் சீனர்கள் பலரின் பூர்வீகமான ஃபூஜியன் மாநிலத்திலிருந்து வந்தவர்கள் அவர்களில் பலர். உரிய அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டவர்கள். வந்து சேர்வதற்காக வாங்கிய கடன் தலைக்கு மேல்.

அவர்கள் பொறுக்கச் சென்றது சிப்பி. சார் குவே தியாவில் நாம் போட்டுச் சாப்பிடும் கெராங் சிப்பிக்கு உறவான வகை. ஐரோப்பிய நாடுகளில் அதற்கு நல்ல விலை. ஆனால் 25 கிலோ மூட்டைக்கு இவர்களுக்குத் தரப்பட்டது 5 பவுண்ட். மற்றவர்களுக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை. வயிற்றுப்பாட்டுக்கும் கடனுக்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டுமானால் அதிக நேரம் மணலில் இருந்தாக வேண்டும்.

உள்ளூர்ச் சிப்பி பொறுக்குவோர் வேலையை முடித்துக்கொண்டு கரை திரும்பும் வேளையில் இந்தச் சீனர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தனர். உள்ளூர்க்காரர்கள் அவர்களைத் தடுக்க முயன்றனர். மொழி புரியவில்லை. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினர். "நேரமாகிவிட்டது, கடல் வரப்போகிறது" என்பது அதன் பொருள். எதிரே நின்றவர்களுக்கு அது விளங்கவில்லை.

இரவு 9 மணிக்குமேல் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. கடும் குளிர், இருள். ஒருவர் கைத்தொலைபேசியில் 999ஐ அழைத்தார். அவருக்குத் தெரிந்த ஓரிரு ஆங்கிலச் சொற்களில் தண்ணீரில் மூழ்குவதைச் சொன்னார். அவ்வளவுதான், தொடர்பு அறுந்தது. எந்த இடம், எத்தனை பேர் என்று சொல்ல அவரிடம் மொழியும் இல்லை, நேரமும் இல்லை.

மோர்கம் நிலையத்தின் தொண்டூழியர்கள் ஹோவர்கிராஃப்ட்டிலும் படகிலும் விரைந்தனர். ஹெலிகாப்டர்கள் வானிலிருந்து தேடின. கரையோரக் குழுக்கள் மணலில் இறங்கின. சிலர் தாமாகவே கரையேறித் தப்பினர். கடலிலிருந்து ஒருவரை மட்டுமே உயிருடன் மீட்க முடிந்தது. மற்றவர்களைத் தேடிய தொண்டூழியர்களுக்குக் கிடைத்தவை சடலங்களே. மாண்டவர்கள் 23 பேர் என்று கருதப்படுகிறது. பெரும்பாலோர் 20, 30 வயதுகளில் இருந்தவர்கள். 21 பேரின் உடல்கள் கிடைத்தன. 2010ல் மேலும் ஒருவரின் எச்சம் மணல்வெளியில் கண்டெடுக்கப்பட்டது.

குற்றம் யாருடையது?

கடலைக் குற்றம் சொல்ல முடியாது. அது தன் நேரத்துக்கு வந்தது. அந்த நேரத்தைக் கேட்டறியாமல், கேட்டும் பொருட்படுத்தாமல் மனிதர்களை உள்ளே அனுப்பியவர் யார் என்ற கேள்வியை நீதிமன்றம் கேட்டது. அவர்களை வேலைக்கு வைத்திருந்த குழுத் தலைவர் 2006ல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டு, 21 பேரின் மரணத்துக்குப் பொறுப்பாளியாக 14 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

அதற்கு முன்பே, துயரம் நிகழ்ந்த அதே 2004ல், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. விவசாயம், சிப்பி பொறுக்குதல், உணவு பதப்படுத்துதல் ஆகிய வேலைகளுக்கு ஆள் அனுப்புவோர் உரிமம் பெற வேண்டும் என்று அது விதித்தது. அதைக் கண்காணிக்க 2005ல் தனி ஆணையமும் அமைந்தது. 2017ல் அதன் அதிகாரம் மற்றத் துறைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 20க்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகுதான் இந்தப் பாதுகாப்பு வந்தது என்பது வேதனை.

மீட்புப் பணியில் இருப்பவர்களுக்கும் அந்த இரவு ஒன்றைப் புலப்படுத்தியது. எத்தனை விரைவாகப் புறப்பட்டாலும், அழைப்பு தாமதமாக வந்தால் கடல்தான் முந்திக்கொள்ளும். ஆகவே மீட்பதோடு தடுப்பதும் தொண்டின் பகுதி. ஆர்ன்சைடில் ஊதும் சங்கும் செட்ரிக் ராபின்சன் நட்ட கிளைகளும் அந்த வகைத் தொண்டுதான். அவற்றால் காப்பாற்றப்பட்டவர்களின் கணக்கை யாரும் எடுக்க முடியாது. ஆபத்தே நேரவில்லை அல்லவா?

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

சிங்கப்பூரில் மோர்கம் போன்ற விரிகுடா இல்லை. ஆனால் புலாவ் உபினில் உள்ள சேக் ஜாவா போன்ற இடங்களில் கடல் வற்றும்போது திட்டுகள் வெளியே தெரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். விடுமுறைக்கு வெளிநாடு செல்லும் குடும்பங்கள் அறிமுகமில்லாத கடற்கரைகளில் பிள்ளைகளை விளையாட விடுவதும் சாதாரணம். அவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை எளியவை.

கடலில் இறங்குமுன் அன்றைய கடலேற்ற நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. அந்த ஊர் மீனவரோ காவலரோ வேண்டாம் என்றால், கடல் எத்தனை தொலைவில் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நாட்டின் அவசர எண்ணை முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள். ஆபத்து என்று சந்தேகம் வந்த உடனே அழையுங்கள், வெட்கப்பட்டுத் தாமதிக்காதீர்கள். யாராவது சிக்கிக்கொண்டதைக் கண்டால் தனியாக ஓடிப்போய் நீங்களும் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் பல மொழி பேசும் வெளிநாட்டு ஊழியர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். உயரத்தில் ஏறுவதும் மூடிய தொட்டிக்குள் இறங்குவதும் அவர்களின் அன்றாட வேலை. "இங்கே போகாதே, இப்போது இறங்காதே" என்ற எச்சரிக்கை அவர்களுக்குப் புரியும் மொழியில் போய்ச் சேர்கிறதா? மேற்பார்வையாளர் கேட்க வேண்டிய கேள்வி இது. இரு மொழியும் தெரிந்து பக்கத்தில் நிற்கும் சக ஊழியரும் கேட்கலாம்.

அன்று கரை திரும்பிய உள்ளூர்க்காரர்கள் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்கள். அந்த நேரத்தில் சீன மொழி தெரிந்த ஒருவர் அங்கே நின்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால், பிழைத்து ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! படகு ஓட்டத் தெரியாதவரும், சேற்றில் இறங்க முடியாதவரும் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லலாம். அதற்குப் பயிற்சி வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவரை நம்மவராக நினைத்தால் போதும்.